பெல்டன் வீட்டார்

"சித்தூர் பெல்டன் ஞானமணியின் மகள் தபீதாளும், பலமனேர் பெல்டன் குடும்பத்து எர்னஸ்டும் பரிசுத்த விவாகத்தால் இணைக்கப்பட இருக்கிறார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் இப்பொழுதே சொல்லக் கடவர்கள். இது இரண்டாம் அறிக்கை."

போதகர் கிருபானந்தம் வழக்கம்போல் வாசித்து முடித்து, வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படி அறிக்கை வாசிப்பது சபையின் முறை. தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பதும் முறை. யாரும் எதுவும் சொல்வதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரம் போனதும் ஞானப்பாட்டைத் தொடங்கிவிடுவார்கள்.

அன்று அந்த நேரத்துக்குள் பெண்கள் பக்கத்தில் பாய் சரசரத்தது. ஜெபமணி எழுந்து நின்றாள்.

"எனக்குத் தடை இருக்குது ஐயா."

பெண்கள் போர்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமணி டீச்சரைத் தெரியாதவர்கள் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் இல்லை. கல்யாணம் ஆகாதவள். அதிர்ந்து பேசாதவள். தபீதாள் தாயை இழந்த பிறகு அந்தப் போர்டிங்கில்தான் வளர்ந்தாள்; அவளுக்குத் தலை பின்னிவிட்ட கை ஜெபமணியின் கை. அந்த ஜெபமணியா எழுந்து நிற்கிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் பெல்டன். ஒரே வீட்டுப் பேர். பங்காளிப் பிள்ளைங்க. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணிவைக்கிறது எந்த வேதத்துல இருக்குது?"

"அம்மா, சபைச் சட்டப்படி இவ்வளவு தள்ளிப்போன உறவுக்குத் தடை இல்லை" என்றார் போதகர்.

"சட்டத்தை நான் கேக்கல ஐயா. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி இதே கோயில்ல ஒருத்தர் எழுந்து நின்னு சொன்னதைத்தான் நான் இப்போ சொல்றேன். அன்னிக்குச் சட்டம் எங்க போயிருந்துச்சு?" அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள். "இன்னா அண்ணே, வாயத் திறக்கமாட்டேன்றீங்க? எனக்கு ஒரு ரத்தம், உங்க பொண்ணுக்கு ஒரு ரத்தமா?"

ஞானமணி தலையைக் குனிந்துகொண்டார். ஐயோ, அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? அந்தக் கேள்வியைப் பெற்று வளர்த்ததே அவர்தானே!

ஞானமணி சித்தூர் கோர்ட்டில் அமீனா. ஜில்லா முழுக்கச் சுற்றி, வழக்கில் சிக்கியவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மன் கொடுப்பது அவர் உத்தியோகம். அந்தச் சீமையில் ஒருவனைக் கண்டுபிடிக்க அவன் பேர் மட்டும் போதாது. ஒரே கிராமத்தில் ரங்கையா நாலு பேர் இருப்பான். எந்த ரங்கையா என்று கேட்டால், தெலுங்குக்காரர்கள் உடனே வீட்டுப் பேரைச் சொல்வார்கள். வீட்டுப் பேர் சொன்னால் தாத்தனுக்குத் தாத்தன் வரை தெரிந்துவிடும். யார் யாருக்குப் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் வீட்டில் கூடாது எல்லாம் அந்த ஒரு பேருக்குள் அடக்கம்.

சம்மன் கொடுத்து முடித்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் மோர் கொடுப்பார்கள். கொடுத்துக்கொண்டே, "மீ இன்டிபேரு ஏமி, அமீனாகாரு?" என்று அவருடைய வீட்டுப் பேரைக் கேட்பார்கள். அவர் மோர்ச் சொம்பால் முகத்தை மறைத்துக்கொள்வார். அவருடைய அப்பா தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன் எடுத்து வளர்த்த பிள்ளை. எந்த ஊர், என்ன குலம், பெற்றவர்கள் யார் என்று எதுவும் தெரியாது. ஞானஸ்நானத்தின்போது கிடைத்த பெல்டன் என்ற பேர் ஒன்றுதான் சொத்து.

ஒருநாள் ஒரு கிராமத்தில், கேட்டவரிடம் "பெல்டன்" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் அதை நாக்கில் போட்டுப் பார்த்து, "பெல்டனுவாள்ளா? சரி, சரி" என்று, பெல்டன் வீட்டாரை வெகுநாளாகத் தெரிந்தவர்போல், தலையை ஆட்டினார். ஞானமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அநாதையின் மகனுக்கு அன்றைக்கு ஒரு வீடு கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் சம்மனோடு சேர்த்துத் தம் சொந்தக்காரர்களையும் தேட ஆரம்பித்தார். பலமனேரில் ஒரு பெல்டன் குடும்பம் இருந்தது. திருப்பதியில் ஒன்று, புத்தூர்ப் பக்கம் ஒன்று. எல்லாருடைய தகப்பனும் அதே பஞ்சத்தில் அதே மிஷனுக்கு வந்தவர்கள். பேரும் ஒன்று, வந்த காலமும் ஒன்று. அப்புறம் என்ன சந்தேகம்? "நாம ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க வழியில வந்தவங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். நம்பாதவர் ஒருவரும் இல்லை. அநாதைகளின் பிள்ளைகளிடம் உனக்கு உறவு இருக்கிறது என்று சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? பலமனேரில் ஒரு சாவு என்றால் திருப்பதியிலிருந்து ஆள் போய்த் தோள் கொடுத்தது. புத்தூரில் குழந்தை பிறந்தால் சித்தூரிலிருந்து சர்க்கரை போயிற்று. ஜெபமணி திருப்பதி பெல்டன் மகள். அவள் ஞானமணியை அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டது அப்படித்தான்.

அந்த ஜெபமணிக்கும் பலமனேர் பெல்டன் வீட்டுத் தியோடருக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. வீட்டுப் பேரைப் பற்றி அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. மூன்றாம் அறிக்கை வாசித்தபோது ஞானமணி எழுந்து நின்றார். "பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்கிறது மிருகம் செய்ற காரியம். பெல்டன் வீட்டுல அது நடக்க விடமாட்டேன்" என்று கர்ஜித்தார். பெல்டன் வீட்டார் அத்தனை பேரும் அவர் பின்னால் நின்றார்கள். கல்யாணம் நின்றுபோயிற்று. தியோடர் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டு, அங்கேயே செத்தும் போனான். ஜெபமணி போர்டிங்கில் பிள்ளைகளுக்குத் தலை பின்ன வந்தாள்.

இப்போது அதே தியோடரின் அண்ணன் மகன்தான் எர்னஸ்ட். சித்தூருக்கு டிராயிங் வாத்தியாராக வந்தான். பங்காளி மகன் ஓட்டலில் சாப்பிடுவதா என்று ஞானமணியே அவனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். தபீதாள் அதற்குள் படிப்பு முடிந்து போர்டிங்கிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். வேறு எந்த வாலிபனாக இருந்தாலும், வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் தினமும் சாப்பாட்டுக்கு விட்டிருப்பாரா? உறவு என்று நம்பி விட்டார். உறவே வினையாயிற்று. ஒரு வருஷம் கழித்துத் தபீதாள் அவர் காலில் விழுந்து அழுதபோது, முதலில் கை ஓங்கினார். ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தம் தலையிலேயே அடித்துக்கொண்டார். பட்டினி கிடந்து மகள் துரும்பாக இளைத்ததைப் பார்த்த பிறகு, "சபைச் சட்டத்துல தடை இல்லையாமே" என்று முதல்முறையாகச் சட்டம் பேசினார். எர்னஸ்டின் அம்மாவும், சபை ஒத்துக்கொண்டால் தனக்குச் சம்மதம் என்று பலமனேரிலிருந்து சொல்லியனுப்பினாள்.

முதல் அறிக்கை தடையில்லாமல் முடிந்தது. இரண்டாவதில்தான் ஜெபமணி எழுந்தாள்.

போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அமீனா அவர்களே, பெல்டன் வீட்டார் எல்லாம் ஒரே ரத்தம் என்று அன்றைக்கு இந்தச் சபைக்குச் சொன்னவர் நீங்கள். உங்கள் வார்த்தையை நம்பி ஒரு கல்யாணத்தை நிறுத்தினோம். அது மெய்யானால் இதையும் நிறுத்த வேண்டும். மெய் இல்லை என்றால் அதையும் நீங்களே எழுந்து சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு வரை பொறுக்கிறேன்."

அன்று மாலை ஞானமணி போர்டிங் வாசலில் போய் நின்றார். பிள்ளைகள் கிணற்றடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெபமணி அவரை உட்காரச் சொல்லவில்லை.

"திட்ட வந்தீங்களா அண்ணே?"

"இல்லம்மா. அந்தக் காலத்து ஆளுங்க யாராவது உயிரோட கீறாங்களான்னு கேக்க வந்தேன். மிஷன்ல கேட்டேன். பஞ்ச காலத்து ரிக்கார்டு எல்லாம் கறையான் துன்னுட்டுதாம். உங்க நைனா எதுனா சொல்லியிருப்பாரேன்னு..."

ஜெபமணி சிரித்தாள். அழுகையைவிடக் கொடுமையான சிரிப்பு அது. "இத்தனை வருஷமா ஜில்லா முழுக்கத் தேடினீங்களே, இதை ஒருத்தர்கிட்ட கேக்கலியா?"

"கேக்கத் தோணலம்மா. சொல்லிக்கினே போனேன்."

அவள் பிள்ளைகள் கழுவிவைத்த தட்டு ஒன்றை எடுத்து அடுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தபீதாவ நான் தூக்கி வளர்த்தேன். அவ நல்லா இருக்கக் கூடாதுன்னு நான் எழுந்து நிக்கல. எனக்குத் தெரிஞ்சாவணும். நான் வீணாப் போனது நியாயத்துக்கா, அநியாயத்துக்கா? அதுக்குத்தான் நின்னேன்."

"தெரிஞ்சா இன்னா பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். தெரிஞ்சுக்குவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க நைனா கன்னியம்மான்னு ஒரு பொண்ணப் பத்திச் சொல்வார். பஞ்சத்துல இவங்களுக்கெல்லாம் கஞ்சி ஊத்துனவளாம். மிஷனை விட்டுப் போயி திருப்பதியில ஒரு இந்துவக் கட்டிக்கினாளாம். கோவிந்தராஜர் கோயில் பக்கம், சத்திரத்துக்கு வர்ற ஜனங்களுக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுறா. போன வருஷம்கூட உயிரோடதான் இருந்தா."

ஞானமணி மறுநாளே கிளம்பினார். தபீதாளும் கூட வருவேன் என்று நின்றாள். "என் தலையெழுத்து நைனா. நானே கேட்டுக்கினு வர்றேன்" என்றாள். அவரால் தட்ட முடியவில்லை.

திருப்பதி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது மலைக்குப் போகிற ஜனம் மூட்டை முடிச்சோடு நெரிந்தது. மொட்டையடித்த தலைகளுக்கு நடுவே அப்பாவும் மகளும் கேட்டுக் கேட்டுப் போனார்கள். கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், வாசல் முழுக்க அண்டாவும் தவலையும் அடுக்கிவைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருமண். புளியும் சாம்பலும் போட்டு ஒரு குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி பேருக்குச் சமையல்?" என்றாள் நிமிராமல்.

"பாத்திரத்துக்கு வரல ஆயா. சித்தூர் மிஷன்லேர்ந்து வர்றோம். நான் பெல்டன் ஞானமணி."

குண்டான் நின்றது. கிழவி நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து அவரைப் பார்த்தாள்.

"பெல்டனா? அடப் பாவி! நானும் பெல்டன்தான்டா. ஞானஸ்நானத்துல எனுக்கு வெச்ச பேரு மார்த்தா பெல்டன்!" என்று பொக்கை வாயால் சிரித்தாள். "அப்போ நான் உனுக்கு அத்தையா? அத்தைக்குப் பொடவ எங்க?"

தபீதாளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஞானமணிக்கு வரவில்லை. அப்படியே ஒரு கவிழ்த்த அண்டாவின்மேல் உட்கார்ந்தார்.

"எழுந்திரு, எழுந்திரு! அது பிராமணங்க எடுக்கிற அண்டா" என்று அதட்டினாள் கிழவி. அவர் எழுந்து தரையில் உட்கார்ந்தார். "பெல்டன்னு அமெரிக்காவுல ஒரு தொரசாணி அம்மா. அவ நம்மளப் பார்த்ததும் இல்ல, நாம அவளப் பார்த்ததும் இல்ல. பஞ்சத்துல ஒரு வண்டி நிறையப் பிள்ளைங்கள வாரிக்கினு வந்தாங்க. அந்த வண்டிப் பிள்ளைங்களுக்கு நான் சோறு போடறேன்னா அந்த அம்மா. சோறு போட்டவ பேர வெச்சுட்டாரு மிஷன் தொர. அடுத்த வண்டிக்கு வேற யாரோ பேரு. நான் மொத வண்டி. அதான் பெல்டன்."

"அப்போ யாரும் சொந்தம் இல்லியா ஆயா?" தபீதாள் கேட்டாள். அவள் குரலில் உயிர் திரும்பி வந்தது.

"இன்னா சொந்தம்? ரோட்டுல கிடந்ததுங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."

ஞானமணி திருப்பதி பெல்டனைப் பற்றிக் கேட்டார். அவர்தான் ஜெபமணியின் தகப்பனார்.

"அவனா? சந்திரகிரிப் பக்கத்துல தனியா ஒரு மரத்தடியில கிடந்தான். சுத்தத் தெலுங்குப் பையன். தமிழ்ல ஒரு சொல்லு தெரியாது. கஞ்சின்னா முழிப்பான். நான்தான் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு இங்க யாரும் இல்ல. அது சத்தியம்."

அந்த வார்த்தை ஞானமணியின் நெஞ்சில் ஈட்டியாக இறங்கியது. யாரும் இல்லாதவன்! தியோடருக்கு ஜெபமணியைக் கட்டிவைத்திருக்கலாம். எந்தத் தடையும் இல்லை. பதினாறு வருஷம்! ஒரு பெண்ணின் வாழ்வைத் தன் வாயால் மூடினாரே, அதற்கு அடியில் ஒரு துளி ரத்தம்கூட இல்லை. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால், சொன்னால் நம்புவீர்களா, அந்தக் கண்ணீரோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் கசிந்தது. யாருமே சொந்தம் இல்லை என்றால் தன் மகளுக்கும் தடை இல்லையே! பெற்ற மனம் அவ்வளவு கேவலமானது.

"எங்க நைனா?" என்று கேட்டார். "சாலமோன்னு பேரு. பலமனேருக்குப் போனவர் யோசேப்பு. அந்த யோசேப்போட பேரனுக்குத்தான் இவளக் குடுக்கிறேன்."

கிழவி தேய்ப்பதை நிறுத்தினாள்.

"சாலமோனும் யோசேப்புமா?" என்றாள். "அதுங்க ரெண்டும் மட்டும் கையப் புடிச்சிக்கினு வந்துச்சுங்க."

ஞானமணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"குடியாத்தம் ரோட்டுல கிடைச்சதுங்க. ரெண்டும் தமிழ்தான் பேசும். பெரிசு ஏழு வயசு இருக்கும், சின்னது அஞ்சு. ராத்திரி பகல் கைய விடாதுங்க. பிரிச்சு உட்கார வெச்சா சின்னது மூச்சு நின்னு போற மாதிரிக் கத்தும். ஒரே தட்டுலதான் துன்னும்."

"கூடப் பொறந்தவங்களா ஆயா?"

"தொரையும் அதத்தான் கேட்டாரு. கேட்டதுக்குப் பெரிசு தலைய ஆட்டுச்சு. ஆட்டினா இன்னா? சேர்ந்து இருந்தா சோறு உண்டுன்னு தெரிஞ்சா, பட்டினிப் பிள்ளை எதுக்கும் தலைய ஆட்டும். பொறந்ததுலேர்ந்து புடிச்ச கையா, நேத்து வழியில புடிச்ச கையா? நான் எப்படிச் சொல்வேன்?"

"முகஜாடை?"

"எலும்புக்கு ஏதுடா ஜாடை?"

ஞானமணி விடவில்லை. சம்மன் கொடுக்கப் போன இடத்தில் சாட்சியை மடக்குவதுபோல் மாற்றி மாற்றிக் கேட்டார். சின்னவன் பெரியவனை என்னவென்று கூப்பிட்டான்? அண்ணே என்று. ஆனால் வண்டியில் இருந்த எல்லாப் பொடியன்களும் பெரிய பையன்களை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா பேர் ஏதாவது சொன்னார்களா? அம்மா என்றாலே அழுதார்கள். அவர்களோடு வேறு யாராவது வந்தார்களா? வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. கேட்கக் கேட்கக் கிழவிக்குக் கோபம் வந்தது.

"உனுக்கு இன்னா சொல்லணும்னு நீயே சொல்லு, நான் அப்படியே சொல்றேன். எனுக்கு இன்னா போச்சு?" என்றாள். பிறகு தபீதாளின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "தெரியாது கண்ணு. நெசமாத் தெரியாது. தெரிஞ்ச அந்த ரெண்டு பேரும் மண்ணுக்குப் போயிட்டாங்க. அதுங்களுக்கே தெரிஞ்சிருக்குமோ இன்னாவோ."

திரும்பி வரும்போது ரயிலில் இடம் கிடைத்தது. வண்டி பாகாலா ஸ்டேஷனைத் தாண்டியது. எதிரே ஒரு குடும்பம் மலையிலிருந்து வாங்கிவந்த லட்டுவை உதிர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"தபீதா" என்றார் ஞானமணி. "கிழவி சொன்னதுல கடைசிய நாம சொல்ல வேணாம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சொன்னா பாரு, பேர் தொரசாணியோடது, யாரும் சொந்தம் இல்லைன்னு. அதுவும் அவ வாயால வந்ததுதானே? அதை மட்டும் சொல்றேன். ஜெபமணிகிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன். நீ மட்டும் வாயத் திறக்காத. நைனாவுக்காகடி."

"எனக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா நைனா?"

"எனக்கு நீ ஒருத்திதானே இருக்கிறே!" என்று அந்த மனிதர், வண்டியில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் இல்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பலமனேரிலிருந்து எர்னஸ்டின் அம்மா வந்திருந்தாள். புத்தூர் பெல்டன்கள் வந்திருந்தார்கள். எர்னஸ்ட் ஆண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்கார்ந்திருந்தான். திருப்பதிக்குப் போய் வந்ததிலிருந்து தபீதாள் அவன் கண்ணில் படவே இல்லை.

போதகர் அறிக்கையை வாசித்தார். வாசித்துவிட்டு, "அமீனா அவர்களே" என்றார்.

ஞானமணி எழுந்தார். திருப்பதிக்குப் போனதைச் சொன்னார். பெல்டன் என்பது எந்த வீட்டின் பேரும் அல்ல, கண்ணால் காணாத ஓர் அம்மாளின் பேர் என்று சொன்னார். சபையில் சலசலப்பு எழுந்தது. புத்தூர்க்காரர் ஒருவர், "அப்போ நாங்க யாருங்கய்யா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். ஞானமணி ஜெபமணியின் பக்கம் திரும்பினார்.

"உங்க நைனா யாருக்கும் பங்காளி இல்ல தாயீ. சந்திரகிரியில தனியா கிடந்த பிள்ளை. நான் ஒண்ணும் தெரியாம எழுந்து நின்னு உன் வாழ்க்கையக் கெடுத்தேன். தியோடர் உனக்கு உரிமையானவன். என்னை மன்னிச்சிரு."

ஜெபமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பெண்கள் பக்கம் முழுவதும் விசும்பியது.

"ஆக, பெல்டன் வீட்டார் என்று ஒரு ரத்தம் இல்லை" என்றார் போதகர். "அப்படியானால் இந்த விவாகத்துக்கும்..."

"ஐயா" என்று தபீதாள் எழுந்தாள்.

"உட்காரு தபீதா!" ஞானமணி கத்தினார். கோயிலுக்குள் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

"நைனா சொன்னது பொய் இல்ல ஐயா. ஆனா பாதிதான் சொன்னாரு." அவள் எங்கும் பார்க்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், மீதியைச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். "எங்க தாத்தாவும் அவங்க தாத்தாவும் அண்ணன் தம்பியா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சொல்றதுக்கு ஆள் இல்ல."

ஜெபமணி எழுந்து நின்றாள். அழுத முகத்தைத் துடைக்கவும் இல்லை. "ஐயா, என் தடைய நான் எடுத்துக்கிறேன். எடுத்துக்கிட்டேன் ஐயா! கட்டிவைங்க. ஏன்டி, உனக்கு இன்னா பைத்தியமா? யாருக்குமே தெரியாததுக்காக நீ ஏன்டி என்னை மாதிரி ஆவணும்?"

"நீங்க எடுத்துட்டீங்க டீச்சர். எனக்குள்ள இருக்கிறதை யார் எடுக்கிறது?" தபீதாள் போதகர் பக்கம் திரும்பினாள். "நான் அவரைக் கட்டிக்கினா, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இதனாலதான்னு நினைப்பேன். அவர் என் பக்கத்துல வந்து உட்காரும்போதெல்லாம் அந்த ரெண்டு பிள்ளைங்க ஞாபகம் வரும். என்னால முடியாது. எனக்குக் கல்யாணம் வேணாம் ஐயா."

போதகர் எர்னஸ்டைப் பார்த்தார். எர்னஸ்ட் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று தலையை அசைத்தாள். போதகர் அறிக்கைத் தாளை மடித்து வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்தார். அன்று ஞானப்பாட்டு இல்லாமலே கடைசி ஜெபத்தைச் செய்தார்.

ஆராதனை முடிந்து வெளியே ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பெல்டன் வீட்டார் எப்போதும் ஒன்றாக நிற்பவர்கள், அன்று புத்தூர்க்காரர்கள் தனியாக, பலமனேர்க்காரர்கள் தனியாக நின்றார்கள். ஞானமணி அவர்களையெல்லாம் கடந்து வேகமாக நடந்தார். எர்னஸ்ட் வேப்பமரத்தடியில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீயாவது அவகிட்ட சொல்லுப்பா" என்று அவன் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கிழவி பேச்சு. கிழவிக்கே நிச்சயம் இல்ல. நீ சொன்னா கேப்பா."

"சொன்னேங்க. இப்போதான், கோயில் வாசப்படி பக்கத்துலயே. ஒண்ணும் ஆவாது, யாருக்குத் தெரியும்னு சொன்னேன்."

"இன்னா சொன்னா?"

"'எனக்குத் தெரியலியே, அதான்'னா."

அவன் கண்கள் சிவந்திருந்தன. அவர் கையை மெதுவாகக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டான். அவரிடம் இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தான். சிறு வயதிலிருந்து அவரைச் சித்தப்பா என்று அழைத்தவன். கல்யாணப் பேச்சு வந்த பிறகு, வெட்கத்தோடு மாமா என்று அழைக்கப் பழகியவன். இரண்டு சொல்லும் அவன் நாக்கின் நுனி வரை வந்து நின்றன. இனி எது சரி, எது தப்பு என்று யார் சொல்வது?

"வர்றேங்க" என்று மட்டும் சொன்னான், வழி கேட்டவனிடம் விடைபெறுவதுபோல.

சைக்கிள் காம்பவுண்டு கேட்டைத் தாண்டிப் போனது. ஞானமணிக்கு அவனைக் கூவி நிறுத்த வேண்டும்போல் இருந்தது. கையைத் தூக்கினார். மாப்பிள்ளை என்று கூப்பிடவும் முடியவில்லை, மகனே என்று கூப்பிடவும் முடியவில்லை. தூக்கிய கையோடு அப்படியே நின்றார்.